வன்னியின் குடிகளும் கணக்கெடுப்புத் தாளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வன்னிப் பாடசாலைகளில் புவியியல் படிப்பித்தவன். மழைவீழ்ச்சியும் மண்வகையும் குளங்களும்தான் என் பாடம். ஆனாலும் இன்றைக்கு மண்ணைப் பற்றியல்ல, மண்ணில் இருக்கும் மக்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என் மனதை விட்டுப் போகாத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு திண்ணை, ஒரு தாள்

1981ஆம் ஆண்டு குடிசன மதிப்பு நடந்தபோது நான் புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியன். கணக்கெடுக்கும் வேலைக்கு எங்களைப் போன்றவர்களைத்தான் அனுப்பினார்கள். வவுனியாவுக்கு வடக்கே காடு வெட்டி நாலைந்து ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு குடியிருப்பு எனக்குக் கிடைத்தது. காட்டுத்தடி நட்டு, மண் அறைந்து, இலுக்குப்புல் வேய்ந்த வீடுகள். ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் குரக்கன் கதிரை உதிர்த்துக்கொண்டிருந்தார். முன்னந்தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு பல ஆண்டுகள் அழுத்திய தடம் தெரிந்தது. அந்த இடத்தில் முடி முளைக்கவேயில்லை.

பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதி முடித்து 'இனம்' என்ற இடத்துக்கு வந்தேன். இலங்கைத் தமிழருக்கு ஓர் இடம், இந்தியத் தமிழருக்கு வேறோர் இடம். "அம்மா, உங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "எங்க பூட்டன் கடல் தாண்டி கண்டிச் சீமைக்கு வந்தாரு. நாங்க கண்டிச் சீமையில அடிபட்டு இங்க வந்தோம். இந்தக் காட்ட வெட்டுனது என் மகனுங்க. இதுல எது எங்க ஊருன்னு நீங்களே எழுதிக்கங்க சேர்."

நான் எழுதினேன். 'இந்தியத் தமிழர்' என்ற இடத்தில் அடையாளம் போட்டேன். இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் காணாத ஒருவரை ஒரு பேனைக் கீற்றில் அந்த நாட்டோடு சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தத் திண்ணையில் நான் செய்தது சரியா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஊர்ப் பெயர்கள் சொல்லும் வரலாறு

வன்னியில் யார் எப்போது வந்தார்கள் என்று அறிய ஏடுகளைப் புரட்டுமுன் ஊர்ப் பெயர்களின் வால்பகுதியைப் பாருங்கள். குளம், கேணி, மோட்டை, மடு, சுட்டான், காமம் என்று முடியும் ஊர்கள் பழையவை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், பனங்காமம், கனகராயன்குளம் என்று தண்ணீரையும் காட்டையும் பார்த்து வைத்த பெயர்கள் அவை. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்ற பற்றுகளாகப் பிரிந்து வன்னிமைகள் ஆண்ட நிலம் இது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்த பண்டாரவன்னியனின் நினைவுக்கல் கற்சிலைமடுவில் நின்றது. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதி வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேட்டைப் படித்தால், காய்ச்சலாலும் பஞ்சத்தாலும் குடி குறைந்து, உடைந்த குளங்களுக்கு நடுவே சிறு சிறு ஊர்களாக மிஞ்சியிருந்த வன்னி கண்முன் வரும்.

அடுத்த அடுக்கு, இரணைமடுவோடு வந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது அந்தக் குளம். 1936இல் யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கத் தொடங்கிய குடியேற்றத்தில் பிறந்தது கிளிநொச்சிப் பட்டினம். உருத்திரபுரத்தில் இன்றைக்கும் 'எட்டாம் வாய்க்கால்', 'பத்தாம் வாய்க்கால்' என்றுதான் ஊரைச் சொல்வார்கள். வாய்க்காலின் எண்ணே ஊரின் பெயராகிவிட்டது. இந்த அடுக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் குடாநாட்டார். துருசு திறந்தால் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் வரும்.

மூன்றாவது அடுக்கில் வாலெல்லாம் 'புரம்', 'நகர்' என்று மாறுகிறது. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், தொண்டமான்நகர். மலையகத்திலிருந்து வந்தவர்கள் பெருமளவில் குடியேறிய கிராமங்கள் இவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேரின் பங்கீடு பிறகு பேசலாம் என்று தள்ளிவைக்கப்பட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. 1958, 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பின்னும் லொறிகளில் வந்து இறங்கினார்கள். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி கிடந்து வந்தவர்களும் உண்டு. கட்டடக்கலைஞர் டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களுக்கு நிலமும் விதையும் பாடசாலையும் தேடிக் கொடுத்தது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

வேறு குடிகளும் இந்த மண்ணில் இருக்கிறார்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, வவுனியாவில் சாலம்பைக்குளம், செட்டிகுளம் பக்கம் என்று தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் மக்கள் வாழ்ந்தார்கள். வவுனியாவின் தெற்கில் மடுக்கந்தை போன்ற பழைய சிங்கள ஊர்கள் உண்டு. ஆக, வன்னி ஒரே கூட்டத்தின் நிலமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பெருக்க மரத்தின் நாட்டிலிருந்து ஒரு பாடம்

இந்த இடத்தில் உங்களை ஆபிரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். அது எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்தால்தான் அணைக்கக்கூடிய அந்த மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் மொசாம்பிக் முதலான நாடுகளிலிருந்து போர்த்துக்கேயரும் பின்வந்தவர்களும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். மஞ்சா என்ற தம் பாட்டை அவர்கள் இன்னும் பாடுகிறார்கள்.

அந்த மரம் இயல்பாக வளரும் நாடுகளில் ஒன்று பொட்சுவானா. 1966 செப்டெம்பர் 30ஆம் நாள் பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்றது. 'பொட்சுவானா' என்றால் சுவானா மக்களின் நாடு என்று பொருள். நாட்டின் குடிமக்கள் எல்லோரையும் 'பட்சுவானா' என்பார்கள். சுவானா இனத்தவருக்கும் அதே பெயர்தான். ஆக, அந்நாட்டில் பிறந்த எல்லோரும் பெயரளவில் ஒன்று.

பெயருக்கு அடியில் என்ன இருந்தது? அரசியலமைப்பின் 77, 78, 79ஆம் பிரிவுகள் எட்டுச் சுவானாக் குலங்களின் தலைவர்களுக்கே தலைவர் அவையில் நிரந்தர இடம் கொடுத்தன. வடகிழக்கில் உழுது வாழும் கலங்கா மக்கள், ஒகவாங்கோச் சதுப்பில் மரக்கலம் விட்டு மீன்பிடிக்கும் வயேயி மக்கள், எல்லோருக்கும் முன்பிருந்தே கலகாரிப் பாலையில் வாழும் சான் மக்கள் ஆகியோர் அந்த எட்டில் இல்லை. 1904இல் ஜேர்மன் படைகள் நமீபியாவில் நடத்திய இனக்கொலைக்குத் தப்பிப் பாலைவனம் கடந்து வந்த ஹெரேரோ மக்களும் இல்லை. நெடுங்காலம் அரசின் பேச்சு ஒன்றுதான்: நாங்கள் எல்லோரும் ஒன்று, பிரித்துப் பேசாதீர்கள். அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் வரவில்லை. அது பெரும் பேறு, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அமைதிக்குள்ளே சிலர் தம் மொழியைப் பாடசாலையில் கேட்காமலே வளர்ந்தார்கள். வயேயி மக்கள் நீதிமன்றம் போனார்கள். சட்டம் எல்லாக் குலங்களையும் சமமாக நடத்தவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

சான் மக்களின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மத்திய கலகாரிக் காட்டுப் பாதுகாப்பு நிலத்திலிருந்து 1997இலும் 2002இலும் அவர்களை வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2002இல் அங்கிருந்த ஆழ்துளைக் கிணற்றையும் மூடினார்கள். சான் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசெம்பரில் அவர்கள் திரும்பிப் போகலாம் என்று தீர்ப்பு வந்தது. போனார்கள், ஆனால் கிணறு திறக்கப்படவில்லை. தண்ணீரில்லாத பாலையில் நிலத்தின் உரிமை கையில் இருந்தென்ன? கிணற்றைப் பாவிக்கவும் புதிதாகத் தோண்டவும் உரிமை பெற 2011 வரை, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்த நான்கு ஆண்டுகளை வன்னியில் இருக்கும் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காணி என்றால் எங்களுக்குத் தண்ணீரோடு சேர்ந்த காணிதான்.

பக்கத்து நாடான தென்னாபிரிக்கா நேர் எதிர்த் திசையில் போனது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப் பட்டியலில் அடைத்தது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் தீர்மானித்ததும் உண்டு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதியப்பட்டார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய தமிழரின் வழிவந்தவர்களும் அந்தப் பட்டியலுக்குள் அடைபட்டார்கள். எங்கே வீடு கட்டலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. 1991இல்தான் சட்டம் நீங்கியது.

ஒரு நாடு பிரித்து எழுதி மக்களைச் சிறைப்பிடித்தது. மற்றது சேர்த்து எழுதிச் சிலரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது. எங்கள் வன்னி இந்த இரண்டையும் கண்டிருக்கிறது.

காணாமல் போன நிரல்

இலங்கையின் குடிசன மதிப்பில் 'இந்தியத் தமிழர்' என்ற தனி நிரல் 1911இல் வந்தது. நிரல்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. கரைநாட்டுச் சிங்களவரும் கண்டிச் சிங்களவரும்கூட நீண்டகாலம் இரண்டு நிரல்களில் இருந்து, பின்னர் ஒன்றாகியவர்கள்தான். மேசையில் கோடு போடுகிற கை அழிக்கவும் செய்யும்.

1981இல் நாங்கள் எடுத்த கணக்கின்படி வவுனியா மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர். முல்லைத்தீவில் ஏழில் ஒருவர். கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. அதன் பிறகு போர். 2001இல் நாட்டின் பல பகுதிகளில் கணக்கெடுத்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எடுக்க முடியவில்லை. 2012இல்தான் முழுக் கணக்கு வந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் எங்களை எவரும் முழுதாக எண்ணவில்லை. 2012இல் 'இந்தியத் தமிழர்' நிரலைப் பார்த்தால் நூற்றில் ஓரிருவர்.

அந்த மக்கள் எங்கே போனார்கள்? சிலர் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனார்கள். போரில் செத்தவர்கள் உண்டு. ஆனால் பாரதிபுரத்துக்கோ மலையாளபுரத்துக்கோ போய்ப் பாருங்கள், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பலர் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதியிருக்கிறார்கள். அதில் பிழையொன்றுமில்லை. இங்கே பிறந்தவர்கள், இங்கேயே கலியாணம் செய்தவர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் எல்லோரோடும் நின்றவர்கள், மெனிக்பாம் முகாமின் வரிசையில் எல்லோரோடும் தண்ணீருக்கு வாளி வைத்தவர்கள். அந்த வரிசையில் பனங்காமத்தார், வாய்க்காலார், புரத்தார் என்று எவரும் பிரித்துக் கேட்கவில்லை. 'இந்திய' என்ற சொல் 1948இலிருந்து தமக்கு என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அதை விலக்கினால் யார் குறை சொல்ல முடியும்?

எனக்குக் கவலை வேறு. பெயர் மாறியபோது காணி மாறியதா? வாய்க்கால் ஓரத்து வயற்காணி முதலில் வந்தவர்களுக்குக் கிடைத்தது. கடைசியில் வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணி, அல்லது காட்டு விளிம்பு. இரணைமடு நிறைந்து வான் பாய்கிற ஆண்டிலும் துருசுத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. எனவே பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அவர்கள் போவது மற்றவர் வயலுக்குக் கூலிக்கு. நிரல் ஒன்றாகிவிட்டதால் இந்த வேறுபாட்டைக் காட்டும் கணக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கேட்டால் "எல்லோரும் தமிழர்தானே" என்ற விடை வருகிறது. இதே விடையைத்தான் பொட்சுவானாவின் சான் மக்களும் கேட்டார்கள்.

எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 'வடக்கத்தையான்', 'தோட்டக்காட்டான்' என்ற சொற்களை எங்கள் வீடுகளில், எங்கள் ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். சட்டம் ஒரு பக்கம் அவர்களை அந்நியர் என்றது. நாங்கள் மறுபக்கம் கீழானவர் என்றோம். 1823இலிருந்து அவர்களுடைய முன்னோர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, இந்த வன்னிக் காட்டின் விளிம்போடுதான் மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களைப் புதைத்த மண்ணும் இதுதான். 2023இல் அந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நினைவு நடை போனார்கள். எங்கள் மண்ணோடு அவர்களுக்கு இருக்கும் உறவு எங்கள் பல குடியேற்றத் திட்டங்களைவிடப் பழையது.

போனவர்களும் அயலவர்களும்

இதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் எங்களோடு ஒரே வகுப்பில் இருந்து படித்தவர்கள் கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தோம். திரும்பி வந்தபோது பலரின் காணிகளைக் காடு மூடியிருந்தது. அவர்கள் இல்லாத வன்னி முழு வன்னி ஆகாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்றாவது சொல்கிறேன்.

அரசு கொண்டுவந்து வைத்த குடியேற்றங்கள் இந்த மாவட்டங்களில் ஆற்றாத காயங்களை உண்டாக்கியிருக்கின்றன. டொலர் பண்ணை, கென்ற் பண்ணையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் 1984இல் துரத்தப்பட்டன. அவ்விடத்தில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சிங்கள மக்கள் அதே ஆண்டு நவம்பரில் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் செத்தவர்களும் இழந்தவர்களும் ஏழைகள். அவர்களை அங்கே வைத்த கைகள் தூரத்தில் இருந்தன.

ஆனால் இந்தக் காட்டுக்கு அதைவிடப் பழைய ஒரு பழக்கம் உண்டு. பெருங்காட்டுக்குள் போகிறவர் வழியோரத்து மரத்தில் ஓர் இலைக்கொப்பை முறித்துத் தொங்கவிட்டுப் போவார். தமிழர் பிள்ளையாரையோ ஐயனாரையோ நினைத்துத் தொங்கவிடுவார்கள். வன்னிக்குத் தெற்கே சிங்களக் கமக்காரரும் அதேபோலக் கொப்பைத் தொங்கவிடுவார்கள். ஐயனாரை அவர்கள் ஐயநாயக்க தெய்யோ என்பார்கள். குளக்கட்டைக் காக்கிறவர் இருவருக்கும் அவரே. கொப்பைத் தொங்கவிட்டவர் என்ன மொழி பேசினார் என்று அந்த மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் இன்னொருவர் இந்த வழியால் போயிருக்கிறார், பத்திரமாகப் போகலாம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை

பெரிய திட்டம் எதையும் நான் கொண்டுவரவில்லை. மூன்று வேண்டுகோள்கள் மட்டும்.

ஒன்று, ஊர்க் கொப்பி. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதட்டும். முதல் மரத்தை வெட்டியது யார், எங்கிருந்து எந்த ஆண்டு வந்தார்கள், முதல் கிணறு எங்கே என்று பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பழைய பற்றுகளின் கதையோடு 'புரம்', 'நகர்' எல்லாவற்றின் கதையும், மீண்டு வந்த முஸ்லிம் ஊர்களின் கதையும், தெற்கின் சிங்கள ஊர்களின் கதையும் ஒரே அலுமாரியில் இருக்கட்டும். அந்த முதியவர்கள் இன்னும் பத்து ஆண்டு இருக்கமாட்டார்கள்.

இரண்டு, காணி. மேட்டுக்காணியில் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு உரிய பத்திரமும், பயிர் செய்யத் தண்ணீரும் சேர்த்துக் கிடைக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடித்துவைத்தால் அது கலகாரியின் மூடிய கிணறு.

மூன்று, பெயர். ஒருவர் தன்னை மலையகத் தமிழர் என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். இலங்கைத் தமிழர் என்றால் அதையே எழுதுங்கள். பெயரை வைத்து எவரையும் தள்ளாதீர்கள். பெயர் ஒன்றானதைச் சாட்டி எவருடைய குறையையும் மூடாதீர்கள்.

முடிக்குமுன் அந்தத் திண்ணைக்குத் திரும்புகிறேன். அந்த அம்மா இன்று இல்லை. அவருடைய பேரன் என்னிடம் படித்தவர். 2012 கணக்கெடுப்பு முடிந்த கிழமை கடைத்தெருவில் கண்டு கதைத்தேன். "என்ன தம்பி, எந்த இடத்தில எழுதினீர்?" என்று கேட்டேன். "இலங்கைத் தமிழர் எண்டு போட்டாச்சு சேர். ஆனால் காணிக்கு இன்னும் ஒண்டும் தரேல்லை" என்றார். பாட்டியின் 'ன்னு' பேரன் வாயில் 'எண்டு' ஆகியிருந்தது. ஒரு குடும்பம் ஒரு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் வேர்விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவர்களுடைய நாக்கே வன்னியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நாங்கள் கொடுக்க வேண்டியது.

"எது எங்க ஊருன்னு நீங்களே எழுதிக்கங்க" என்று அந்த அம்மா என்னிடம் ஒப்படைத்த விடையை 1981இல் நான் பிழையாக எழுதினேன். இந்த மேடையில் அதைத் திருத்துகிறேன். அம்மா, உங்கள் பிள்ளைகள் வெட்டிய காடுதான் உங்கள் ஊர்.